21 கியர் என்று மட்டும் எழுதினால் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கியர் சைக்கிள் பற்றிக் கட்டுரை வந்தாலும் விளம்பரம் வந்தாலும் அதில் இருப்பது நாலே விஷயம்: 21 கியர், முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக், முன்பக்கம் ஷாக், விலை. வாங்கிக் கொஞ்ச நாள் ஓட்டி, ஒரு பாகம் தேய்ந்து மாற்ற வேண்டி வரும்போது இந்த நாலில் ஒன்றும் உதவாது. பின் ஹப் (சக்கரத்தின் நடுக் குடம்) எந்த வகை, ஹேங்கர் (கியர் மாற்றும் பாகமான டெரெய்லரை ஃபிரேமோடு இணைக்கும் துண்டு) எந்த மாடல், பி.பி. (பெடல் ஆக்சில் சுழலும் அடிப் பேரிங்) என்ன அளவு, டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட எண் என்ன என்பதுதான் அப்போது தேவை. அது பில்லிலும் இருக்காது, சைக்கிள் வந்த பெட்டியிலும் இருக்காது. ஆகவே ஆன்லைனில் படத்தைப் பார்த்து கேசட்டும் (பின்பக்கப் பல்சக்கர அடுக்கு) ஷிஃப்டரும் (ஹேண்டில்பாரில் கியர் மாற்றும் விசை) வாங்கி, பையில் போட்டுக் கடைக்குக் கொண்டுவந்து, "மாட்டிக் குடுங்கண்ணே" என்கிறார்கள். மாட்ட முடியாது என்று சொன்னால் மெக்கானிக்குக்குத் தொழில் தெரியவில்லை என்று பேர். வாசகர்களின் பணம் சம்பந்தப்பட்டது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எதை மாற்ற நினைத்தாலும் முதலில் பார்க்க வேண்டியது பின் ஹப். பின் சக்கரத்தைக் கழற்றி, பல்சக்கரங்களை மட்டும் பின்னோக்கிச் சுற்றுங்கள். நடுவில், ஆக்சிலை ஒட்டி, கழற்றும் சாவி நுழைவதற்கான வரிப்பள்ளம் தெரியும். பல்லோடு சேர்ந்து அதுவும் சுற்றினால் அது கேசட். பல் மட்டும் சுற்றி, பள்ளம் அசையாமல் நின்றால் ஃப்ரீவீல். விலை குறைந்த 21 கியர் சைக்கிள்களில், அதாவது முன்னால் 3 பின்னால் 7 உள்ளவற்றில், பெரும்பாலும் இருப்பது ஃப்ரீவீல்தான். அது ஹப்பின் மேலுள்ள மரையில் மொத்தமாகத் திருகி ஏறுவது. கேசட் அப்படியில்லை, அது வெறும் பல்சக்கரங்களின் அடுக்கு, விட்டுச் சுற்றும் பொறி ஹப்போடு சேர்ந்தே இருக்கும். ஃப்ரீவீல் ஹப்பில் கேசட் உட்காரவே உட்காராது. ஹப்பை மாற்றியாக வேண்டும். ஹப் மாறினால் சக்கரக் கம்பியின் (ஸ்போக்) நீளமும் மாறும். கூலியையும் சேர்த்துப் பார்த்தால் முழுச் சக்கரமாக வாங்குவதே லாபம். இரண்டு வகைக்கும் ஃபிரேமின் உள் அகலம் பெரும்பாலும் 135 மி.மீ. என்பதால் சக்கரம் பொருந்திவிடும். ஆனாலும் அளந்து பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

ஃப்ரீவீல் ஹப்பில் இன்னொரு பலவீனம் உண்டு. வலப்பக்கத்துப் பால்ரஸ் (பேரிங்), ஃப்ரீவீலுக்கு உட்புறமாக, ஹப்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். அங்கிருந்து ஃபிரேம் வரை, 7 பல்சக்கரங்களின் அகலத்துக்கு, ஆக்சிலுக்குத் தாங்கல் கிடையாது. கனமான ஆள் மேட்டிலிருந்து இரண்டு தடவை குதித்து இறங்கினால் ஆக்சில் வளையும். பால்ரஸை இறுக்கும் கோனை எவ்வளவு சரிசெய்தாலும் ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் ஆட்டம் கொடுத்தால் சந்தேகப்படுங்கள். ஆக்சிலைக் கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டினால் தெரிந்துவிடும். கேசட் ஹப்பில் வலப்பக்க பேரிங் வெளிமுனைக்குத் தள்ளி இருப்பதால் இந்தத் தொல்லை மிகக் குறைவு. காட்டுப் பாதையில் ஓட்ட ஆசைப்படுகிறவர் கலர் ஹேண்டில்பாருக்குச் செலவழிக்கும் முன் பின் சக்கரத்துக்குச் செலவழிக்கட்டும்.

மேடு ஏறக் கஷ்டமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் கியரை மாற்றுகிறவர்களுக்கு இதைவிட மலிவான வழி இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்தச் சைக்கிள்களில் வழக்கமாக வரும் சிறிய முன் பல்சக்கரத்தில் (முன்பல்) 24 பற்கள், பெரிய பின் பல்சக்கரத்தில் (பின்பல்) 28 பற்கள். பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் 0.86 சுற்று. 26×1.95 டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2.05 மீட்டர், ஆக, ஒரு மிதிக்கு 1.76 மீட்டர் நகரும். இதே ஹப்பில் திருகி ஏறும் 14–34 ஃப்ரீவீல், மெகாரேஞ்ச் என்ற பெயரில், பாகங்கள் செய்யும் ஷிமானோ கம்பெனியிலேயே உண்டு. அதைப் போட்டால் 24-க்கு 34. ஒரு மிதிக்கு 1.45 மீட்டர். இப்போது எல்லோரும் ஆசைப்படும் ஒற்றை முன்பல்லைப் பாருங்கள்: முன்னால் 32, பின்னால் 11–42 கேசட். ஒரு மிதிக்கு 1.56 மீட்டர். சக்கரம், கேசட், ஷிஃப்டர், டெரெய்லர், செயின், கிராங்க் (பெடல் கை) என்று அத்தனையும் மாற்றிய பிறகும் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் அந்த மலிவான ஃப்ரீவீலை விட இது கனமாகத்தான் மிதிக்கும். முன்னால் 30 பல் போட்டால்தான் கிட்டத்தட்டச் சமம். ஒற்றை முன்பல்லில் செயின் கழலுவது குறைவு, முன் டெரெய்லரோடு மல்லுக்கட்ட வேண்டாம்; அதை மறுக்கவில்லை. ஏற்றத்துக்காக என்றால் மட்டும் அது தப்பான செலவு. மெகாரேஞ்சில் குறை இல்லாமல் இல்லை: 24-லிருந்து ஒரே தாவலாக 34-க்குப் போகும், கால் தடுமாறும். பழகிக்கொள்ளலாம்.

இதிலும் இரண்டு இடத்தில் சறுக்கலாம். பின் டெரெய்லர் 34 பல்லை ஏற்குமா என்று பார்க்க வேண்டும். ஆரம்ப வரிசை டெரெய்லர்களில் சில 28 பல்லோடு நின்றுவிடும், சில 34 வரை போகும். டெரெய்லரின் உட்பக்கம் பொறித்த மாடல் எண்ணை வைத்துத் தேடினால் அதிகபட்சப் பல்லும், மொத்தக் கொள்ளளவும் கிடைக்கும். கொள்ளளவு என்பது முன்பல் வித்தியாசத்தையும் பின்பல் வித்தியாசத்தையும் கூட்டி வருவது. முன்னால் 42–34–24 என்றால் வித்தியாசம் 18, பின்னால் 34–14 என்றால் 20, மொத்தம் 38. டெரெய்லரின் கொள்ளளவு இதற்குக் குறைவாக இருந்தால், சிறிய பல்லுக்குச் சிறிய பல் போடும்போது செயின் தொங்கும்.

இரண்டாவது, செயின் நீளம். பழைய செயினை அப்படியே விட்டுவிட்டு 28-க்குப் பதில் 34 போட்டால், பெரிய முன்பல்லும் பெரிய பின்பல்லும் சேரும் நேரத்தில் செயின் விறைத்து டெரெய்லரையே பிய்த்துவிடும். டெரெய்லருக்குள் நுழைக்காமல் செயினைப் பெரிய முன்பல்லையும் பெரிய பின்பல்லையும் சுற்றிப் பிடித்து, முனைகள் சேரும் இடத்திலிருந்து 2 கண்ணி கூட்டி வெட்டுவதே முறை. 6 பல் கூடினால் குறைந்தது 4 கண்ணி சேர்க்க வேண்டியிருக்கும். பின்பக்கமும் ஷாக் உள்ள சைக்கிளானால் ஷாக் அமுங்கிய நிலையில் அளக்க வேண்டும். அமுங்கும்போது பின் சக்கரம் பி.பி.யை விட்டு விலகிப் போகும் ஃபிரேம்களே அதிகம்.

ஷிஃப்டர் மாற்றுகிறவர்கள் கியர் எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறார்கள். அதோடு முடிவதில்லை. ஒரு தடவை அழுத்தினால் ஷிஃப்டர் ஒயரை எத்தனை மில்லிமீட்டர் இழுக்கிறது, அந்த இழுப்புக்கு டெரெய்லர் எவ்வளவு நகர்கிறது, பல்சக்கரங்களுக்கு இடையே எவ்வளவு தூரம் ஆகிய மூன்றும் ஒத்துப்போனால்தான் கியர் சுத்தமாக விழும். பல்லுக்குப் பல் தூரம் 7 வேகத்தில் (பின்னால் 7 பல்சக்கரம்) 5 மி.மீ., 8-ல் 4.8, 9-ல் 4.35, 10-ல் 3.95. ஷிமானோவில் 7, 8, 9 வேக டெரெய்லர்கள் ஒரே விகிதம்: ஒயர் 1 மி.மீ. வந்தால் டெரெய்லர் ஏறக்குறைய 1.7 மி.மீ. நகரும். அதனால் நல்ல நிலையில் உள்ள 8 வேக டெரெய்லரை வைத்துக்கொண்டே 9 வேக ஷிஃப்டர், கேசட், செயின் போடலாம்; வேலை செய்யும். 2010 வாக்கில் மலை சைக்கிளுக்கு 10 வேகம் வந்தபோது ஷிமானோ இந்த விகிதத்தைச் சுமார் 1.2 ஆகக் குறைத்து, ஷிஃப்டரின் இழுப்பைக் கூட்டியது. அந்த ஷிஃப்டர் ஒரு அழுத்தலுக்கு 3.4 மி.மீ. இழுக்கும். அதைப் பழைய டெரெய்லரில் கட்டினால் 5.8 மி.மீ. நகர்ந்து, ஒரு பல்லைத் தாண்டி அடுத்ததை நோக்கி ஓடும். எத்தனை நாள் ஒயர் இறுக்கத்தைச் சரிசெய்யும் பேரலைத் திருகினாலும் சரியாகாது. ரோடு சைக்கிளின் 10 வேக ஷிஃப்டரை மலை சைக்கிளின் 10 வேக டெரெய்லரோடு கட்டினால் இதற்கு நேர்மாறு: நகர்வு போதாது. இன்னொரு கம்பெனியான ஸ்ராமின் ஷிஃப்டருக்கு ஸ்ராமின் டெரெய்லர்தான். 2023-ல் ஷிமானோ கொண்டுவந்த க்யூஸ் வரிசையில் 9, 10, 11 வேகங்கள் இருந்தாலும் அவற்றைப் பழைய 9, 10, 11 வேகப் பாகங்களோடு கலக்கக் கூடாது. பெட்டியில் எண் ஒன்றாக இருக்கிறதே என்று வாங்கி ஏமாறுவது இங்கேதான் அதிகம்.

கேசட் ஹப் என்று தெரிந்த பிறகும் ஒரு கேள்வி பாக்கி. ஷிமானோவின் பழைய எச்.ஜி. வரிப்பள்ளத்தில் 8, 9, 10 வேகமும், மலை சைக்கிளின் 11 வேகமும் ஏறும்; 7 வேகக் கேசட் போட வேண்டுமானால் 4.5 மி.மீ. வளையம் ஒன்று உள்ளே வேண்டும். சிறிய பல் 10 என்று ஆரம்பிக்கும் கேசட் எதுவும் இதில் ஏறாது. அதற்கு ஸ்ராமானால் எக்ஸ்.டி., ஷிமானோ 12 வேகமானால் மைக்ரோஸ்பிளைன் என்ற வேறு வகை ஹப் வேண்டும். 12 வேகம் வேண்டும், ஹப்பை மாற்ற மனமில்லை என்பவர்கள் 11 பல்லில் ஆரம்பிக்கும் கேசட்டாகப் பார்த்து வாங்க வேண்டும், ஸ்ராம் என்.எக்ஸ். ஈகிளின் 11–50 எச்.ஜி.யில் ஏறும்.

செயின் தேய்மானத்தை அளக்கத் தனிக் கருவி இல்லாவிட்டால் ஓர் இரும்பு ஸ்கேல் போதும். புதுச் செயினில் 24 கண்ணிகளின் நீளம், ஆணி நடுவிலிருந்து ஆணி நடுவுக்கு, 304.8 மி.மீ. அது 307 மி.மீ.யைத் தொட்டால் 9, 10 வேகச் செயினை மாற்றிவிடுங்கள்; 11, 12 வேகமானால் 306.3-லேயே. தள்ளிப்போட்டால் நீண்ட செயின் பல்லையும் தன் அளவுக்குத் தேய்த்துவிடும். பிறகு புதுச் செயின் போட்டதும் மிதிக்க மிதிக்க வழுக்கும். 'புதுச் செயின் டூப்ளிகேட்' என்று சண்டைக்கு வருகிறவர்களில் பலருக்குப் பிரச்சினை பழைய பல்தான்.

ஹேங்கர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டெரெய்லரை ஃபிரேமோடு இணைக்கும் அந்தச் சிறிய அலுமினியத் துண்டு, அடிபட்டால் தான் வளைந்து ஃபிரேமைக் காப்பாற்றுவதற்காகவே மென்மையாகச் செய்யப்பட்டது. பஸ்ஸின் மேலே படுக்கப்போட்டுக் கொண்டுபோனால் போதும், வளைந்துவிடும். சைக்கிளுக்குப் பின்னால் நின்று பாருங்கள்: டெரெய்லரின் இரண்டு சிறு சக்கரங்களும், மேலே உள்ள பல்லும் ஒரே நேர்கோட்டில் செங்குத்தாக நிற்க வேண்டும். கீழ்ச்சக்கரம் கம்பிப் பக்கம் சாய்ந்திருந்தால் ஹேங்கர் வளைந்திருக்கிறது. இதைக் கவனிக்காமல் டெரெய்லரின் இரு எல்லைகளை நிறுத்தும் எல், எச் திருகுகளையும் பேரலையும் திருகிக்கொண்டே இருப்பார்கள். மேல் கியர் சரியானால் கீழ் கியர் கெடும். கடைசியில் ஒருநாள் மேட்டில் டெரெய்லர் கம்பிக்குள் புகுந்து, சக்கரம், டெரெய்லர், செயின் மூன்றும் ஒன்றாகப் போகும். நிமிர்த்தும் கருவி இல்லையென்றால் ஒரு வழி உண்டு. ஹேங்கரின் மரை 10 மி.மீ., 1 மி.மீ. இடைவெளி, ஷிமானோ வகை குயிக் ரிலீஸ் பின் ஆக்சிலின் மரையும் அதுவே. டெரெய்லரைக் கழற்றிவிட்டு, கோட்டம் இல்லாத இன்னொரு பின் சக்கரத்தின் ஆக்சிலை ஹேங்கரில் சில சுற்றுத் திருகுங்கள். இரண்டு ரிம்களும் அருகருகே நிற்கும். மேலே, கீழே, முன்னே, பின்னே என நாலு இடத்தில் இடைவெளியை அளந்து, வித்தியாசம் 4 மி.மீ.க்குள் வரும்வரை மெதுவாக வளையுங்கள். ஒரு தடவை நிமிர்த்தலாம், இரண்டு தடவை நிமிர்த்தலாம். அதற்குமேல் அலுமினியம் உடையும். 2019-ல் ஸ்ராம் கொண்டுவந்த பொது ஹேங்கர் உள்ள ஃபிரேமானால் எங்கும் மாற்று கிடைக்கும். மற்றவற்றில் ஃபிரேமுக்கு ஃபிரேம் வடிவம் வேறு. அந்த மாடல் விற்பனையிலிருந்து போய்விட்டால் ஹேங்கரும் போய்விடும். சைக்கிள் வாங்கும் அன்றே உபரியாக இரண்டு கேட்டு வாங்கி, சீட்டுக்கு அடியில் டேப் போட்டு ஒட்டி வையுங்கள்.

பிரேக்கில் நடக்கும் தவறுகள் உயிர் சம்பந்தப்பட்டவை. ஷிமானோ, டெக்ட்ரோ ஹைட்ராலிக் பிரேக்குகளுக்கு மினரல் ஆயில். ஸ்ராமின் பெரும்பாலான பிரேக்குகளுக்கு டாட் 4 அல்லது 5.1; அவர்களின் புதிய சில மாடல்கள் மட்டும் மினரலுக்கு மாறியிருக்கின்றன. பைக் கடைகளில் டாட் ஆயில் எங்கும் கிடைக்கிறது, மினரல் கிடைப்பதில்லை. அதனால் 'எல்லாம் பிரேக் ஆயில்தானே' என்று ஊற்றிவிடுகிறார்கள். உள்ளே உள்ள ரப்பர் சீல் ஊறி வீங்கும். லீவர் அழுத்தினால் திரும்பி வராது, பிறகு கசியும். ஆயிலை மாற்றிக் கழுவினாலும் பலனில்லை, லீவரும் கேலிப்பரும் (பேடை அமுக்கும் பிடி) சேர்த்து மாற்ற வேண்டியதுதான். எந்த ஆயில் என்று லீவரின் மூடியிலேயே எழுதியிருக்கும். ரோட்டரில் (டிஸ்க் தட்டு) 'ரெசின் பேட் மட்டும்' என்று பொறித்திருந்தால் மெட்டல் பேட் போடாதீர்கள். மென்மையான இரும்பு, சீக்கிரம் அரிந்துவிடும். ஷிமானோ ரோட்டர் புதிதில் 1.8 மி.மீ.; 1.5-க்கு வந்தால் தூக்கிப் போட வேண்டும்.

ஒயர் டிஸ்க் பிரேக் பிடிக்கவில்லை என்றால் முதல் காரியமாக ஒயரை இழுத்துக் கட்டுவது வழக்கம். அதுதான் தப்பு. இந்தக் கேலிப்பர்களில் பெரும்பாலும் வெளிப்பக்கப் பேட் மட்டுமே நகரும். அது ரோட்டரை வளைத்து உட்பக்கப் பேடோடு சேர்த்து அமுக்கும். பேட் தேயத் தேய, உட்பக்கப் பேடை ஆலன் கீயால் ரோட்டருக்கு அருகே, ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளிக்குத் தள்ள வேண்டும். அதைச் செய்யாமல் ஒயரை மட்டும் இழுத்தால் கேலிப்பரின் கை ஏற்கனவே பாதி தூரம் சுற்றிய நிலையில் நிற்கும். இறக்கத்தில் முழுசாக அழுத்தும்போது மேலே போக இடமிருக்காது.

இதைவிட ஆபத்தானது, பிரேக் ஒயருக்கு கியர் ஒயரின் அவுட்டரை (மேலுறை) போடுவது. வெட்டுமுகத்தைப் பாருங்கள்: பிரேக் அவுட்டரில் கம்பி ஸ்பிரிங் போலச் சுருண்டிருக்கும், கியர் அவுட்டரில் பல மெல்லிய கம்பிகள் நீளவாக்கில் ஓடும். நீளவாக்குக் கம்பி பிரேக்கின் அழுத்தத்தைத் தாங்காமல் பிளந்து வெளியே வரும். அந்த நொடியில் பிரேக் இருக்காது. இரண்டையும் ஒரே கறுப்புச் சுருளாக மாட்டி வைத்திருக்கும் கடைகள் உண்டு.

டயரில் '26' என்ற எண்ணை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். மலை சைக்கிளின் 26×1.95-க்கு ரிம் அளவு 559 மி.மீ.; சாதாரண சைக்கிளின் 26×1⅜-க்கு 590. ஒன்றில் ஒன்று ஏறாது. 27.5 என்றால் 584, 29 என்றால் 622. பக்கவாட்டில் '50-559' என்பது போல இருக்கும் எண்ணில் கடைசி மூன்று இலக்கம்தான் ஆதாரம்.

ஃபோர்க் மாற்றுகிறவர்கள் ஃபிரேமின் தலைக்குழாய்க்குள் நுழையும் அதன் தண்டைப் பாருங்கள். பழைய ஃபிரேம்களில் மேலும் கீழும் ஒரே அளவு, 28.6 மி.மீ.; இப்போது வரும் நல்ல ஃபோர்க்குகள் அநேகமாகக் கீழே தடித்தவை. ஃபிரேமின் தலைக்குழாய் உள்விட்டம் 44 மி.மீ. என்றால் கீழே வெளிக் கிண்ணம் வைத்துப் பொருத்தலாம். 34 என்றால் முடியாது. பழையதைவிட 20 மி.மீ. நீளமான ஃபோர்க் போட்டால் தலைக்குழாய் ஏறத்தாழ 1 டிகிரி சாயும், பி.பி.யும் உயரும்; அதற்குமேல் நீட்டினால் ஃபிரேமின் கழுத்தில் விரிசல் விட வாய்ப்பு. பி.பி. கழற்றும்போது வலப்பக்கக் கிண்ணம் தலைகீழ் மரை, கடிகாரச் சுற்றில்தான் கழலும். சதுர ஆக்சில் பி.பி.யின் நீளம் பழையதன் மேலேயே அச்சிட்டிருக்கும், 122.5-க்குப் பதில் 110 போட்டால் சிறிய முன்பல் ஃபிரேமில் உரசும்.

இவ்வளவையும் வாங்குகிறவர் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. சைக்கிள் கம்பெனிகள் ஒரு தாளில், தமிழில், பின் ஹப் ஃப்ரீவீலா கேசட்டா, ஆக்சில் அகலம், டெரெய்லரின் மாடல் எண், ஹேங்கர் எண், பி.பி.யின் அகலமும் ஆக்சில் நீளமும், பேட் வகை, பிரேக் ஆயில், ரிம் அளவு, தலைக்குழாய் உள்விட்டம் ஆகியவற்றை அச்சிட்டு ஒவ்வொரு சைக்கிளோடும் கொடுக்கலாம். அசெம்பிள் செய்கிறவர்களிடம் இந்த விவரம் எல்லாமே இருக்கிறது. அதுவரை, சைக்கிள் பற்றி எழுதும் தங்கள் நிருபர்கள் விலைக்குக் கீழே ஒரு வரியில் இரண்டு விவரத்தையாவது சேர்க்கக் கோருகிறேன்: ஃப்ரீவீலா கேசட்டா என்பது ஒன்று, உபரி ஹேங்கர் கடையில் கிடைக்கிறதா என்பது மற்றொன்று.

இப்படிக்கு,
சைக்கிள் பழுதுபார்க்கும் தொழிலில் உள்ள வாசகர்,
கோயம்புத்தூர்.